இடப்பக்கம் பாக்காதீங்கன்னு சொல்லிவிட்டேன்

உக்காரு பிள்ள. அந்த பெஞ்சு வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். போன தடவை நாங்க வந்திருக்கையில ஒருத்தன் அந்த முனையிலேர்ந்து சடார்னு எந்திரிச்சான், இந்த முனையில இருந்தவன் டையும் ஷூவுமாத் தரையில கெடந்தான். ரெண்டு பேருமே அன்னிக்கு ஃபெயில். நான் பெஞ்சைத்தான் குத்தஞ் சொல்லுவேன். இங்கன என் பக்கத்துல வா. டிபன் கேரியரைக் கீழ வை.

உள்ள போனது உன் வீட்டுக்காரரா? நீலச் சட்டை? செகண்ட் மேட் ஓரல்ஸா? அப்பிடிச் சொல்லு. முதல் லைசென்சு. பேரென்ன உனக்கு? மேகலாவா. நல்ல பேரு. நான் ஜொவிட்டா, தூத்துக்குடி. எங்க வீட்டுக்காரவியளுக்கு இன்னிக்கு மாஸ்டர் ஓரல்ஸ். கேப்டன் லைசென்சு. மூணாவது தடவை.

அடியே, அதுக்கு ஏன் முகத்தை அப்பிடி வைக்க? மூணுங்கிறது இங்க ஒண்ணும் கேவலம் இல்ல. அந்தா தூணுக்கிட்ட நிக்கானே கண்ணாடிக்காரன், அவனுக்கு அஞ்சாவது. வாட்ச்மேன் அவனுக்கு வணக்கம் வைக்காரு, ஆபீசருன்னு நெனச்சிட்டு.

உனக்கு இந்த விவரமெல்லாம் தெரியுமா? தெரியாதா? கலியாணம் பண்ணி வச்சவங்க ஒருத்தரும் சொல்லலியா? எனக்கும் அப்பிடித்தான். மாப்பிள்ள கப்பல்ல ஆபீசருன்னாவ. எங்கம்மா கப்பலே அவருக்குத்தான் சொந்தம்ங்கிற மாதிரி ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துட்டா. நான் சொல்லுதேன் கேளு. பன்னெண்டாங் கிளாஸ்ல கணக்கும் பிசிக்ஸும் இருக்கணும். பெறவு கண்ணு பாப்பான், செவப்பு பச்சை தெரியணும். பெறவு ஒரு காலேஜு, அங்க ஷூவுக்கு பாலிஷ் போடச் சொல்லிக் குடுப்பான். பெறவு கேடட்டுன்னு பேரு வச்சு கப்பல்ல ஏத்தி, துரு சுரண்டச் சொல்லுவான். ஒண்ணு ஒண்ணரை வருசம் துரு. அதுக்கப்புறம் கரைக்கு வந்து செகண்ட் மேட் பரீட்சை, எழுத்து தனி, எதுக்க உக்காந்து வாயால பதில் சொல்லுற ஓரல்ஸ் தனி. பாஸானா தேர்டு ஆபீசர். திரும்பக் கடலு, இத்தனை நாள் கப்பல்ல இருந்திருக்கணும்னு கணக்கு. திரும்பக் கரை, சீஃப் மேட் பரீட்சை, அதுக்கும் எழுத்து, ஓரல்ஸ். திரும்பக் கடலு. கடைசில இந்த மாஸ்டர். எனக்குக் கழுத்துல தாலி ஏறும்போது செகண்ட் மேட். ரெண்டாவது பிள்ள பொறந்தப்ப சீஃப் மேட். இப்ப என் மூத்தவ பத்தாங் கிளாஸ் படிக்கா. சாமியாராப் போறதுக்கே இத்தனை வருசம் ஆகாது பிள்ள. அவுகளுக்கு ஓரல்ஸும் கெடையாது.

இன்னிக்குப் போச்சுன்னா என்னன்னு கேக்கியா? இன்னிக்குப் போச்சுன்னா எழுதிப் பாஸான பேப்பரெல்லாம் காலாவதி. அத்தனையும் முதல்லேர்ந்து எழுதணும். நாப்பத்தி ரெண்டு வயசு. அதைக்கூட எழுதிருவாவ. கம்பெனிக்காரன் ஒண்ணு சொல்லிட்டான், அதுதான் நெஞ்சுல முள்ளாக் குத்துது. இந்த மாசத்துக்குள்ள லைசென்சைக் காட்டுங்க, இல்லன்னா நிஷாந்த்தைக் கேப்டனாப் போட்டுருவோம், நீங்க அவருக்குக் கீழ சீஃப் ஆபீசரா ஏறிக்கிடுங்கன்னுட்டான். நிஷாந்த்து யாரு தெரியுமா? இவிய கேடட்டா வச்சு வேலை பழக்குன பையன். சுத்தியலை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு இவியதான் சொல்லிக் குடுத்தாவ. அவன் இவியளப் பாத்து 'மிஸ்டர் வாஸ், அதைச் செய்யுங்க இதைச் செய்யுங்க'ம்பான். அந்தப் போன் வந்த அன்னிக்கு அவிய சோத்துல கையை வச்சிக்கிட்டு அப்பிடியே இருந்தாவ. ஒரு வாய் எறங்கல. நான் அழுவுற ஆளு இல்ல, அன்னிக்கு அடுப்படியில போய் அழுதேன்.

அழுது முடிச்சிட்டு இந்த நோட்டை எடுத்தேன். இந்தா பாரு. இங்க ஒரு வழக்கம் உண்டு. உள்ளேர்ந்து ஒருத்தன் வெளிய வந்தா, வெளிய நிக்கிற அம்புட்டுப் பேரும் ஓடிப்போய் 'என்ன கேட்டாரு, என்ன கேட்டாரு'ன்னு மொய்ப்பாங்க. அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கிடுவாங்க. பாஸானவன் இந்த வாசல் வழியா வந்து நின்னு நிதானமாச் சொல்லுவான். ஃபெயிலானவனுக்கு அந்தப் பின்படி இருக்கு, சத்தங் காட்டாம எறங்கிப் போயிருவான். யாரும் சட்டம் போடல, அப்பிடித்தான். இவிய மட்டும் ரெண்டு தடவையும் ஃபெயிலாயிட்டு நேரா முன்வாசல்ல வந்து நின்னாவ. நான் இங்க இருக்கேன்ல, எங்க போவாவ?

எதுக்குச் சொல்ல வந்தேன்? ஆங், நோட்டு. நான் இங்க உக்காந்து உக்காந்து எழுதுனது. நூத்தி அறுவது பக்கம். எந்த ஆபீசர் எந்தக் கேள்விய எந்த மாதிரி கேப்பாருன்னு வரைக்கும் இருக்கு. மடியில வச்சுக்க. உன் வீட்டுக்காரரு மேல படிக்கும்போது ஆகும். எனக்கு எல்லாம் மனப்பாடம்.

ராசாத்தி, நான் பட்ட பாடு! தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு சாப்பாட்டு மேசையில உக்கார வச்சிருவேன். அவிய நடுவுல, நான் அவிய இடக்கைப் பக்கம். அடுப்பைப் பாத்துக்கிட எனக்கு அதுதான் தோது. உப்பு ஜாடி அவிய கப்பல். ஊறுகாய் பாட்டில் எதுக்க வர்ற கப்பல். தீப்பெட்டி வந்து மீன்பிடி படகு. நான் ஊறுகாயை நகட்டுவேன். 'சொல்லுங்க, என்ன செய்வீங்க?' அவிய உப்பு ஜாடியப் பாப்பாவ. யோசிப்பாவ. நான் மூணு எண்ணுவேன். மூணுக்குள்ள வரலைன்னா நானே சொல்லிருவேன். நேரம் போவுதுல்ல? ஒரு நாளைக்கு நாப்பது கேள்வி கேக்கணும்னு வச்சிருக்கேன். நாப்பதுக்கும் ஒழுங்கா பதில் வந்துரும். முப்பத்தஞ்சு நான் சொல்லிருப்பேன், அது வேற.

விளக்கு பாடம் இருக்கு பாரு, அது பெரிய கூத்து. இருட்டுல எந்தக் கப்பலு எந்த நெறத்துல விளக்கு போட்டுருக்கோ அதை வச்சு அது என்ன கப்பல்னு சொல்லணும். நான் என்ன செஞ்சேன், கிறிஸ்மஸ் குடிலுக்குப் போடுற சீரியல் லைட்டை எடுத்து மொட்டை மாடிக் கம்பியில கட்டிட்டேன். ஜூலை மாசம். பக்கத்து வீட்டு டெய்சி எட்டிப் பாத்து, 'என்னக்கா, பாலன் இந்த வருசம் சீக்கிரம் பொறந்துட்டாரா?'ங்கா. அன்னிக்கு மேலயுங் கீழயுமா ரெண்டு செவப்பு லைட்டு போட்டிருந்தேன். 'இது என்ன அர்த்தம்?'னு கேட்டா. 'கட்டுப்பாட்டுல இல்லாத கப்பல், மத்தவங்கதான் ஒதுங்கிப் போவணும்'னேன். 'உங்க வீட்டு மேல சரியாத்தான் தொங்குது'ன்னுட்டு போயிட்டா. அவிய கீழ இருந்து சிரிக்காவ, குலுங்கிக் குலுங்கி. ஒரு மாசமாச் சிரிக்காத மனுசன். என்ன சிரிப்பு வேண்டிக் கெடக்குன்னு நான் ரெண்டு செவப்பையும் கழட்டிட்டு மீன்பிடி படகு விளக்கை மாட்டிட்டேன். டெய்சிக்கு எப்பவும் வாய் நீளம்.

ஒரே ஒரு விதிக்குத்தான் எங்களுக்குள்ள சண்டை. பதினேழாம் விதி. உனக்கு இடப்பக்கமிருந்து ஒரு கப்பல் குறுக்க வருதுன்னு வையி. அவன்தான் ஒதுங்கணும். சரி. அப்ப நீ என்ன செய்யணும்? ஒண்ணுஞ் செய்யக் கூடாதாம்! அதே வேகம், அதே திசை, ஆடாம அசையாமப் போகணுமாம். இது ஒரு விதியா? குறுக்க வர்றவன் குடிச்சிருந்தா? தூங்கிட்டு இருந்தா? நான் சொன்னேன், 'நாமளே முன்னாடியே ஒதுங்கிருவோம், என்ன குறைஞ்சு போவுது?' அவிய அன்னிக்குத்தான் என்னை எதுத்துப் பேசுனாவ. 'அப்பிடி இல்ல ஜொவி. நான் ஆடாமப் போனாத்தான் அவன் கணக்குப் போட்டு ஒதுங்க முடியும். நானும் திரும்பி அவனும் திரும்பினா ரெண்டு பேரும் முட்டிக்கிடுவோம். அவன் ஒதுங்கவே மாட்டான்னு தெரிஞ்ச பெறவுதான் நான் கையை வைக்கணும். அதுவரைக்கும் சும்மா இருக்கணும். கடல்லயே அதுதான் கஷ்டம்'னாவ. எவ்வளவு பேச்சு! நான் அவிய சொன்னதைக் கேட்டுட்டு, ஊறுகாய் பாட்டிலை நானே ஓரமா நகட்டி வச்சிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன்.

முதல் தடவை அந்த விதியிலதான் விழுந்தாவ. உள்ள இருக்கிறவரு பழைய கேப்டன், மீசைக்காரரு. மேசையில பொம்மைக் கப்பல் வச்சிருப்பாரு. ஒண்ணை இவிய முன்னால வச்சு, 'இது உன் கப்பல், நீதான் மாஸ்டர்'னாராம். இன்னொண்ணை இடப்பக்கமிருந்து நகட்டிக்கிட்டே வந்து, 'என்ன செய்வே?'ன்னாராம். தெரியும் பிள்ள! தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும்! ஆனா அவிய கப்பலைப் பாக்காம, இடப்பக்கமாத் திரும்பி சும்மா பாத்துக்கிட்டே இருந்தாவளாம். அவரும் திரும்பிப் பாத்தாராம். அங்க சுவத்துல ஒரு காலண்டருதான் தொங்குச்சாம். 'அங்க யாருய்யா நிக்கா?'ன்னு கேட்டுட்டு, மூணு மாசம் கழிச்சு வான்னுட்டாரு. நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் கழுத்துச் சுளுக்குன்னு பத்து நாள் தைலம் தேச்சேன். இடப்பக்கம் மட்டும் எதுக்குத் திரும்புச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் பிடிபடல.

ரெண்டாவது தடவை அதைவிட மோசம். 'நீ மாஸ்டர். பக்கத்துல பாறை. எஞ்சின் நின்னு போச்சு. முதல்ல என்ன செய்வே?' அவிய சட்டுனு சொல்லிட்டாவளாம், 'போன் பண்ணுவேன் சார்'னு. 'யாருக்கு?'ன்னாராம் மீசை. அம்புட்டுதான். வாய் கட்டிப் போச்சு. எஞ்சின் ரூமுக்குன்னு சொல்ல வந்தாவளாம், வரலியாம். இதுக்கும் ஃபெயில் போட்டுட்டாரு அந்த ஆளு. நான் கேக்கேன், போன் பண்ணுறதுல என்ன தப்பு? கப்பல்லேர்ந்து தினமும் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு எனக்குப் பண்ணுவாவ. சமையக்காரன் ஞாயித்துக்கிழமை பிரியாணிக்குக் கோழியக் கொறச்சிட்டான்னு கப்பலே ரெண்டாப் பிரிஞ்சு நின்னப்ப யாரு தீத்து வச்சா? நான்தான். ஆப்பிரிக்கா பக்கம் எங்கேயோ கப்பல், நான் இங்க சாளை மீன் அரிஞ்சுக்கிட்டே தீர்ப்பு சொன்னேன். 'ஜொவி, நீ இல்லன்னா நான் ஒண்ணுமில்ல'ம்பாவ. அது உண்மை.

இந்தத் தடவை என்னை வர வேண்டாம்னாவ. ஆமா! பிள்ளைகளுக்குப் பரீட்சை, நீ வீட்டுல இருன்னாவ. பிள்ளைகளுக்கு லீவு பிள்ள! நெருக்கத்துல மனுசனுக்கு என்ன பேசுதோம்னு தெரியல பாரு. டிக்கெட் ஒண்ணுதான் போட்டிருந்தாவ. நான் அடுத்த பெட்டியில எனக்கு ஒண்ணு போட்டுக்கிட்டேன். பிள்ளைகளை எங்கம்மா வீட்டுல விட்டுட்டு ஏறி, விழுப்புரம் தாண்டவும் இட்லிப் பொட்டலத்தோட போய் எதுக்க நின்னேன். என்னைப் பாத்த சந்தோசத்துல அவியளுக்குப் பேச்சே வரல. தாம்பரம் வரைக்கும் வரல.

காலையில உள்ள போகும்போது ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிவிட்டேன். 'இடப்பக்கம் பாக்காதீங்க. அவரு மூஞ்சியப் பாத்துப் பதில் சொல்லுங்க. மூணு எண்ணுறதுக்குள்ள சொல்லிருங்க.' சட்டைக் காலரை இழுத்து விட்டேன். அவிய என் கையைப் பிடிச்சு எடுத்துக் கீழ விட்டுட்டு, 'சரி ஜொவி'ன்னுட்டு உள்ள போனாவ. மெதுவாத்தான் விட்டாவ. கோவமெல்லாம் இல்ல.

இரு இரு, ஒருத்தன் வாரான். தம்பி, இங்க வா! பாஸா? நல்லா இருப்ப. என்ன கேட்டாரு? பதினேழா? பொம்மைக் கப்பலா? எல்லாருக்கும் அதையா கேக்காரு இன்னிக்கு? இடப்பக்கமா? சேசுவே! பாத்தியா பிள்ள, அவிய எங்க விழுந்தாவளோ அதே எடம். நீ எழுதிக்க, எதுக்கும் எழுதிக்க. தம்பி, உனக்கு முன்னால ஒருத்தர் போனாவளே, கொஞ்சம் வழுக்கை, வெள்ளைச் சட்டை, பாத்தியா? உள்ள இல்லியா? இல்லாம எங்க போவாவ, நான் கண்ணைக் கூட எடுக்கலியே. இந்தக் கதவைப் பாத்துக்கிட்டேதான பிள்ள உங்கிட்டப் பேசிட்டு இருக்கேன்.

அண்ணே! பியூன் அண்ணே! ஹிலாரி வாஸ்னு ஒருத்தர் உள்ள... என்னது? முடிஞ்சு அரை மணி நேரம் ஆச்சா? பின்படி வழியாவா போனாவ?

மேகலா, என் கையைப் பிடிச்சுக்க பிள்ள. பின்படி. எனக்கு எதுவும் வேண்டாம், அந்த மனுசன் எங்கயாவது போய் நின்னு அழுவுவாவ. சொல்லத் தெரியாது அவியளுக்கு. பின்படியில எறங்கிட்டாவன்னா முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது. நிஷாந்த்து கேப்டன், இவிய அவனுக்குக் கீழ.

என்ன அண்ணே? திரும்பச் சொல்லுங்க. பாஸா? நெசமாவா? உங்களுக்கு எப்பிடித் தெரியும்? டீ கொண்டு போனீங்களா உள்ள?

கேட்டியா பிள்ள, இவரு டீ கொண்டு போயிருக்காரு அந்நேரம். மீசை பொம்மைக் கப்பலை இடப்பக்கமிருந்து நகட்டிக்கிட்டே வந்தாராம். இவிய ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசலியாம். மூணு இல்ல, முப்பது எண்ணலாம், அவ்வளவு நேரம் பேசலியாம். 'பக்கத்துல வந்துட்டான்யா, என்ன செய்வே?'ன்னு மீசை சத்தம் போட்டாராம். 'அவன்தான் சார் ஒதுங்கணும். நான் ஆடமாட்டேன். அவன் ஒதுங்கலன்னு தெரிஞ்சா வலப்பக்கம் திருப்புவேன், அஞ்சு தடவை சங்கு ஊதுவேன். இப்ப சும்மா இருப்பேன்'னாவளாம். எங்க பாத்தாவ அண்ணே, இடப்பக்கம் பாத்தாவளா? கப்பலையே பாத்தாவளா? மீசை எந்திரிச்சு கை குடுத்தாராம் பிள்ள. 'கேப்டன் வாஸ்'னு சொன்னாராம்.

கேப்டன் வாஸ். மாதாவே. எம்புட்டு வருசம்.

ஆனா பாஸானவன் முன்வாசல் வழியால்லா வருவான்? எதுக்குப் பின்படி? வழி தெரியாமப் போயிருப்பாவளோ? ரெண்டு தடவை வந்த எடம், வழி எப்பிடித் தெரியாமப் போவும்? நான் இங்க இருக்கேன்னு தெரியும்ல? சரி, விடு. இந்த ஜன்னலைத் தெற பிள்ள, தெருவைப் பாப்போம்.

அந்தா! அந்தா நிக்காவ பாரு, எதுத்த டீக்கடை. வெள்ளைச் சட்டை. டையைக் கழட்டிப் பையில சொருகிட்டாவ. ஒத்தையில நிக்காவ. டீ கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு யாரு கூடயும் பேசாம, போற வர்ற பஸ்ஸைப் பாத்துக்கிட்டு நிக்காவ. அந்த மூஞ்சியப் பாரேன். கலியாணத்தன்னிக்குக் கூட நான் அந்த மூஞ்சியப் பாக்கல.

சீனி போட்ட டீயாத்தான் இருக்கும். அவியளுக்குச் சக்கரை இருக்கு, டாக்டர் வேண்டாம்னு சொல்லிருக்காரு. இரு, ஒரு போன் போடுதேன்.

இல்ல. வேண்டாம். நீயும் கூப்பிடாத பிள்ள, கையைக் கீழ எறக்கு. நான் என் கையை எறக்கிட்டேன்ல? அவியளா வரட்டும். நான் எங்கயும் போவல, இங்கதான் இருக்கேன், அது அவியளுக்குத் தெரியும்.

அந்த நோட்டைக் குடு. குடுன்னா குடேன். உனக்கு எதுக்கு இது? உன் வீட்டுக்காரரு அவராப் படிச்சுக்கிடட்டும். நீ டிபன் கேரியரைப் பத்திரமாப் பாத்துக்க, போதும்.

பாரு பாரு, கிளாஸை வச்சிட்டாவ. இன்னொரு டீ சொல்லுதாவ. கையைக் காட்டிச் சொல்லுதாவ பாரு, ஒரு டீன்னு. அது எனக்குத்தான். என்ன இருந்தாலும் நெனப்பு இருக்கும்ல. இப்ப பார்சல் வாங்கிட்டு ரோட்டைத் தாண்டி வருவாவ பாரு.

அடப் பாவி மனுசா. அதையும் அவியளே குடிக்காவ.

குடிக்கட்டும். நான் ஒண்ணுஞ் சொல்லல.